பெண்கள் மீதான வன்முறை வழக்குகளை ஆய்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

சட்டம், சமூகவியல், குற்றவியல், பாலினக் கல்வி என்று ஏதாவது ஒன்றில் முதுகலையோ முனைவர் பட்டமோ படித்துக்கொண்டு, பெண்கள் மீதான வன்முறையையும் அதற்கான தண்டனையையும் பற்றி ஆய்வு செய்ய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தலைப்பு பதிவானதுமே கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. பல ஆய்வுகளில் வரவே தேவையில்லாத வேலை. போலீஸ், மருத்துவர், மாஜிஸ்திரேட், கோர்ட் என்று நான்கு இடத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லி ஓய்ந்துபோன ஒருவரை, பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கும் விடைக்காக ஐந்தாவது முறையும் சொல்ல வைப்பது நியாயமே இல்லை.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கேள்வி, அப்புறம் சட்டம், அனுமதி, பதிவுகள். மனிதர்களிடம் போவது அதற்குப் பிறகுதான்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய சட்டங்கள் மூன்றும் (இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம்) புதியவை மூன்றும் (பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம்) இரண்டு தொகுப்பாகவும் வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 இரண்டும் அவற்றின் விதிகளோடு வேண்டும். வேறு யாரும் தொடாத, கடவுச்சொல் போட்ட ஒரு கணினி. சந்தேகம் வந்தால் கேட்க, விசாரணை நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடத்திப் பழகிய ஒரு வழக்கறிஞர். இந்தக் கடைசி ஆள் இல்லாமல் தொடங்கினால் பாதி வழியில் கட்டாயம் நிற்பீர்கள், ஏனென்றால் தீர்ப்பில் எழுதாமல் விடப்படும் நடைமுறைகள் ஏராளம்.

1. கேள்வி வழக்கின் எந்தக் கட்டத்தைப் பற்றியது என்று முடிவு செய்யுங்கள்

"பெண்கள் மீதான வன்முறையும் தண்டனையும்" என்பது தலைப்பு. அது இன்னும் கேள்வியாகவில்லை. ஒரு சம்பவம் நடக்கிறது. சிலர் யாரிடமாவது சொல்கிறார்கள். அவர்களில் சிலர் காவல் நிலையம் வரை போகிறார்கள். அங்கே சிலருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான சான்று) மட்டும் கிடைக்கிறது, சிலருக்கு எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது, விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது அல்லது வழக்கு கைவிடப்படுகிறது, பிறகு சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. ஒவ்வொரு கட்டத்திலும் வழக்குகள் உதிர்கின்றன. உங்கள் கேள்வி இதில் எந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நிற்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

உதாரணமாக, "ஒரு மாவட்டத்தில் 498ஏ (கணவர் அல்லது அவரது உறவினர் செய்யும் கொடுமை) வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலான பின் சாட்சிகள் எப்போது, ஏன் பின்வாங்குகிறார்கள்?" என்பது கேள்வி. இதற்குத் தீர்ப்புகள் போதும். "பெண்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை?" என்பதும் கேள்விதான், ஆனால் அதற்கு நீதிமன்றப் பதிவு எதுவும் உதவாது, ஏனென்றால் புகார் கொடுக்காதவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கட்டத்தை முடிவு செய்யாமல் தரவு திரட்டினால், ஒரு கட்டத்தின் தரவை வைத்து இன்னொரு கட்டத்தைப் பற்றிப் பேசிவிடுவீர்கள். இந்தத் துறையில் வரும் தவறான முடிவுகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

2. சட்டத்தின் காலக்கோட்டை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் ஆண்டுகளை எழுதி, உங்கள் ஆய்வுக்குள் வரும் ஒவ்வொரு பிரிவும் எப்போது மாறியது என்று குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் தண்டனைகளை ஒப்பிடவே முடியாது.

இந்திய தண்டனைச் சட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கான பிரிவு 376-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு, ஆனால் தகுந்த சிறப்புக் காரணங்களை எழுதிவிட்டு நீதிபதி அதற்கும் கீழே போகலாம். 2013 திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. குற்றத்தின் வரையறையையும் விரித்தது, சம்மத வயதை 16-லிருந்து 18 ஆக்கியது. 2018-இல் குறைந்தபட்சம் 10 ஆண்டாக உயர்ந்தது. போக்சோ பிரிவு 4-இலும் 7 ஆண்டாக இருந்தது 2019 திருத்தத்தில் 10 ஆனது. இப்போது 2011-இல் 5 ஆண்டு தண்டனை கொடுத்த தீர்ப்பையும் 2021-இல் 10 ஆண்டு கொடுத்த தீர்ப்பையும் பக்கத்தில் வைத்து "நீதிபதிகள் கடுமையாகிவிட்டார்கள்" என்று எழுதினால் என்ன ஆகும்? மாறியது சட்டம், நீதிபதியின் மனம் மாறியதா இல்லையா என்பதை அந்த ஒப்பீடு காட்டவே காட்டாது.

பொருந்தும் சட்டம் எது என்பதைச் சம்பவம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும், தீர்ப்புத் தேதி இல்லை. குற்றம் நடந்த நாளில் இருந்ததைவிடக் கூடுதல் தண்டனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(1) சொல்கிறது. அதனால் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பழைய பிரிவு எண்களோடுதான் தீர்ப்பில் வரும், அதற்குப் பின் நடந்தவற்றில் 498ஏ இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86, வரதட்சணை மரணத்துக்கான 304பி-க்கு 80, 376-க்கு 64, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பதற்கான 354-க்கு 74 என்று இருக்கும். இரண்டு எண்களையும் ஒரே வரியில் வைத்த ஒரு அட்டவணையை இப்போதே தயாரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. அறநெறிக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்

வேலையைத் தொடங்கிவிட்டு அனுமதி கேட்டால் திரட்டியது வீணாகும். நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும்தானே, அதற்கு எதற்கு அனுமதி என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றிலும் உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர், ஊர், உடல் பரிசோதனை விவரம் எல்லாம் இருக்கிறது. எனவே விண்ணப்பம் போடுங்கள்.

விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது போக்சோ பிரிவு 19. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் எவராக இருந்தாலும் போலீஸிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இன்படி தண்டனை உண்டு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. ஆகவே "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஒரு சிறுமியிடம் வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது. எந்த நிலையில் ரகசியம் காக்க முடியாது என்பதை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லியாக வேண்டும். சிறைவாசிகளிடமும் குற்றம் சாட்டப்பட்டவர்களிடமும் பேசும்போதும் இதே கவனம் வேண்டும்: வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குக் கிடையாது.

4. அரசுப் புள்ளிவிவரத்தை எதை எண்ணுகிறது என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தவுடன் எண்களை நகலெடுக்காதீர்கள். 2022 அறிக்கையில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,45,256, அதில் 31.4 சதவீதம் கணவர் அல்லது அவரது உறவினர் செய்த கொடுமை. இது நடந்த வன்முறைகளின் எண்ணிக்கை இல்லை, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. அதிலும் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால் கடுமையான பிரிவு ஒன்றின் கீழ் மட்டும்தான் அந்த வழக்கு கணக்கில் ஏறும். லேசான பிரிவுகள் மறைந்துபோகும்.

தேசிய குடும்பநல ஆய்வு வேறு ஒன்றை அளக்கிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில், 18 முதல் 49 வயதுக்குள் இருந்த, திருமணமான அல்லது ஒருகாலத்தில் திருமணமாகியிருந்த பெண்களில் ஏறக்குறைய 29 சதவீதம் பேர் கணவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே எங்காவது உதவி தேடியிருந்தார்கள். சொந்தக் குடும்பத்திடம் கேட்டதும் இந்தக் கணக்கில் அடக்கம். கணவன் செய்யும் பாலியல் வன்முறையை எடுத்துக்கொண்டால், மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டிருந்தால் சட்டம் அதைப் பாலியல் வன்கொடுமைக் குற்றமாக ஏற்பதில்லை. ஆகவே அந்தத் தலைப்பின் கீழ் காப்பகத்தின் அட்டவணையில் அது வரவே வராது, குடும்பநல ஆய்வில் வரும். இரண்டையும் கூட்டிக் கழிக்காதீர்கள்.

அடிக்கடி பார்க்கும் பிழைகள் மூன்று.

முதலாவது, உயர்வைத் தவறாகப் படிப்பது. 2012-இல் 24,923 ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2013-இல் 33,707 ஆயின. அந்த ஒரே ஆண்டில் குற்றத்தின் வரையறை விரிந்தது, சம்மத வயது உயர்ந்தது, புகாரைப் பதிவு செய்யாத போலீஸ் அதிகாரிக்குத் தண்டனை என்று 166ஏ வந்தது, 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் வெளியே வந்து புகார் கொடுப்பவர்கள் கூடினார்கள். குற்றம் கூடியதா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

இரண்டாவது, தண்டனை விகிதம். காப்பகம் அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்று கணக்கிடுகிறது. ஆண்டில் பதிவான மொத்த வழக்குகளால் வகுத்தால் வேறு எண் வரும். அதற்கு எந்தப் பொருளும் இருக்காது, ஏனென்றால் தீர்ப்பான வழக்குகள் வேறு வேறு ஆண்டுகளில் பதிவானவை.

மூன்றாவது, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு வழக்குகள் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு "இந்தச் சட்டத்தை யாருமே பயன்படுத்துவதில்லை" என்று எழுதுவது. பிரிவு 12-இன் கீழ் பாதுகாப்பு, ஜீவனாம்சம், வசிக்கும் உரிமை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகும் மனுக்களுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, அதனால் அவை போலீஸ் கணக்கில் ஏறாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். அந்த மனுக்களைத் தேட வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் பாதுகாப்பு அலுவலரின் பதிவேடும்.

5. தீர்ப்புகளை ஒரு பட்டியலிலிருந்து எடுங்கள், தேடுபொறியிலிருந்து எடுக்காதீர்கள்

இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் பிரிவு எண்ணைத் தட்டி முதலில் வந்த நூறு தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு "இந்தியாவில் 304பி வழக்குகள்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. அங்கே அதிகம் கிடைப்பது உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். அங்கு வரை போவது எந்த வழக்கு? பெரும்பாலும் கீழே தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்த வழக்கு. விடுதலையில் முடிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி கீழேயே அடங்கிவிடுகிறது. அந்த நூறும் நாட்டின் வழக்குகளுக்கு மாதிரி ஆகாது.

அதனால் நீதிமன்றங்களின் அதிகாரபூர்வ இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, சட்டத்தின் பெயரையும் பிரிவையும் கொடுத்து, முடிந்த வழக்குகளின் முழுப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் பிறகு வழக்கைத் தொலைக்க மாட்டீர்கள். அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள். பட்டியலில் எத்தனை இருந்தன, எத்தனைக்குத் தீர்ப்பு கிடைத்தது, எத்தனைக்குக் கிடைக்கவில்லை என்று மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். தேர்வாளர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

பாலியல் குற்ற வழக்குகளில் ஆவணங்கள் இணையத்தில் குறைவாகத்தான் கிடைக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவே பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பாலியல் வன்கொடுமை விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும், நீதிபதியின் அனுமதி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. ஆவண அறையைப் பார்க்க மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் துறையின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்ப்பு நகல் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீதிமன்ற ஆவண நகலுக்கு நீதிமன்ற விதிகளின்படிதான் மனு போட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல்துறையிடம் எண்ணிக்கை கேட்க அந்தச் சட்டம் நன்றாகவே உதவும், பெயர்களையும் நடப்பு விசாரணை விவரங்களையும் கேட்காத வரை.

இன்னொன்று. பட்டியலைப் பதிவான ஆண்டை வைத்து எடுப்பதா, முடிந்த ஆண்டை வைத்து எடுப்பதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். 2021-இல் பதிவாகி இப்போதைக்குள் முடிந்தவற்றை மட்டும் எடுத்தால் சீக்கிரம் முடியும் வகை வழக்குகள்தான் கையில் சிக்கும். இழுத்துக்கொண்டிருப்பவை முழுவதும் வெளியே நிற்கும்.

6. குறியீட்டுத் தாளைத் தயாரியுங்கள், முதலில் பத்துப் பன்னிரண்டு தீர்ப்புகளில் சோதியுங்கள்

ஒவ்வொரு தீர்ப்பிலிருந்தும் எதை எடுத்து எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று சொல்லும் தாள் இது. இதுதான் ஆய்வின் இதயம், இதில் நேரம் செலவழியுங்கள். ஒரு கற்பனை வழக்கை வைத்துக் காட்டுகிறேன்.

திருமணமாகி நான்காவது ஆண்டில் ஒரு பெண் புகுந்த வீட்டில் இறந்துபோகிறார். தந்தை புகார் கொடுக்கிறார். சந்தேக மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-இன் கீழ் எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. மணமாகி ஏழு ஆண்டுக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. அதன் பின் பிரிவு மாற்ற அறிக்கை தாக்கலாகி 498ஏ, 304பி சேர்கிறது. எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) மூன்று பேர்: கணவர், மாமியார், கணவரின் தம்பி. தந்தை அ.சா.1 (அரசு தரப்பு சாட்சி 1), தாய் அ.சா.2. பக்கத்து வீட்டுக்காரர் அ.சா.5, அவர் பிறழ்சாட்சி ஆகிறார், அதாவது முன்பு போலீஸிடம் சொன்னதற்கு மாறாகக் கோர்ட்டில் சொல்கிறார். தீர்ப்பில் மூவரும் 304பி-யிலிருந்து விடுதலை. 498ஏ-இல் கணவருக்கு மட்டும் 2 ஆண்டு, மற்ற இருவரும் விடுதலை.

இந்த வழக்கைத் தண்டனை என்று எழுதுவீர்களா, விடுதலை என்று எழுதுவீர்களா? வழக்குக்கு ஒரு வரி என்று தாள் போட்டவர் இங்கே நின்றுவிடுவார், அல்லது அன்றைய மனநிலையில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு அடுத்த தீர்ப்பில் வேறு மாதிரி எழுதுவார். ஒரு எதிரி, ஒரு குற்றச்சாட்டு, அதற்கு ஒரு வரி என்று போடுங்கள். இந்த வழக்குக்கு ஆறு வரிகள். ஐந்தில் விடுதலை, ஒன்றில் தண்டனை. பிறகு வழக்கு அளவிலோ எதிரி அளவிலோ தொகுத்துக்கொள்ளலாம்; தொகுத்ததைப் பிரிக்கத்தான் முடியாது.

பிரிவுகளுக்கும் ஒரே ஒரு கட்டம் வைக்காதீர்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு, குற்றப்பத்திரிகையில் என்ன, நீதிமன்றம் வனைந்த குற்றச்சாட்டில் என்ன, தீர்ப்பில் என்ன என்று நான்கு கட்டங்கள் வேண்டும். மேலே சொன்ன வழக்கில் 174 என்று தொடங்கி 304பி-க்கு ஏறி 498ஏ-க்கு இறங்கிய பயணத்தை அந்த நான்கு கட்டங்கள்தான் காட்டும். வன்முறை எங்கே சட்டத்தின் கண்ணில் சிறிதாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இவற்றோடு வேண்டியவை: சம்பவத் தேதி (தொடர் கொடுமை என்றால் தொடக்கமும் முடிவும்), புகார் தேதி, தாமதத்துக்குத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணம், எதிரிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உறவு, பிறழ்சாட்சி ஆனவர்கள் யார் யார், மருத்துவச் சாட்சியத்தை நீதிபதி எப்படி எடுத்துக்கொண்டார், தண்டனை ஏககாலமா அடுத்தடுத்தா, இழப்பீட்டுக்குப் பரிந்துரை இருக்கிறதா. போக்சோ வழக்கு என்றால் உறவைப் பற்றிய கட்டத்தை நுணுக்கமாகப் பிரியுங்கள். அக்கம்பக்கத்தவர் சிறுமியைச் சீரழித்த வழக்கும், பதினேழு வயதுப் பெண் காதலித்தவனோடு போனதற்குப் பெற்றோர் கொடுத்த வழக்கும் ஒரே பிரிவில்தான் வரும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டால் எந்த முடிவும் நிற்காது.

சோதனைத் தீர்ப்புகளை இன்னொருவரும் தனியாகக் குறிக்கட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதற்கு கோஹன் கப்பா என்ற புள்ளியியல் அளவீட்டைப் போட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத கட்டங்களில் பெரும்பாலும் விளக்கம்தான் தெளிவாக இருக்காது. விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி குறியுங்கள்.

7. தீர்ப்பை வாசிக்க ஒரு வரிசை

முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அரசு தரப்பு சாட்சிகள், சான்றாவணங்கள், சான்றுப் பொருட்கள் என்று பின்னிணைப்பு இருக்கும். யார் சாட்சி சொன்னார்கள், எந்த ஆவணம் வந்தது என்ற எலும்புக்கூடு அதில் கிடைத்துவிடும். இரண்டாவதாகத் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை என்று நீதிபதி எழுதியிருப்பதைப் பாருங்கள். தீர்ப்பில் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அப்புறம் காரணங்கள். அரசு தரப்புக் கதையை முதலில் படித்தால் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பிறகு நீதிபதி எழுதியதைப் படிப்பீர்கள், குறிப்பது சாய்ந்துவிடும்.

காரணங்களைப் படிக்கும்போது வார்த்தைகளைக் கவனியுங்கள். காயம் இல்லை, உடனே சொல்லவில்லை, சத்தம் போடவில்லை என்பவை விடுதலைக்குக் காரணமாக வருகின்றனவா? இருவிரல் பரிசோதனை அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2013-இலும், அதைச் செய்பவர் தவறிழைத்தவர் ஆவார் என்று 2022-இலும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அதன் நிழல் சாட்சியத்தில் தெரிகிறதா? பக்க எண்ணோடு அப்படியே எடுத்தெழுதுங்கள். சுருக்கி எழுதினால் அது உங்கள் வார்த்தையாகிவிடும்.

ஒரே நாளில் வரிசையாக இந்தத் தீர்ப்புகளைப் படிக்காதீர்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு மனம் மரத்துப்போகிறது, அல்லது தூக்கம் போகிறது. மரத்த மனதோடு குறித்தவற்றை மறுநாள் திருத்த வேண்டியிருக்கும். நாளுக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இதை பலவீனம் என்று நினைத்து மறைக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

8. விடுதலையைப் பொய் வழக்கு என்று படிக்காதீர்கள்

498ஏ பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தமிழ்நாட்டில் 498ஏ சமரசத்துக்கு உட்படாத குற்றம். அப்படியானால் இரு குடும்பமும் பேசி முடித்துக்கொண்ட வழக்கு என்ன ஆகும்? ஒன்று, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவார்கள். இல்லையென்றால் பெண்ணும் பெற்றோரும் சாட்சிக் கூண்டில் ஏறி "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்பார்கள், அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிப்பார், எதிரிகள் விடுதலை. நகை திரும்பியிருக்கும், விவாகரத்துக்குச் சம்மதம் கிடைத்திருக்கும், குழந்தை யாரிடம் என்பது முடிவாகியிருக்கும். தீர்ப்பில் இவை எதுவும் இருக்காது. விடுதலை என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும்.

அதனால் முடிவு என்ற கட்டத்தைக் குறைந்தது நான்காகப் பிரியுங்கள்: முக்கிய சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை, சாட்சி உறுதியாக நின்றும் நீதிபதி நம்பாததால் விடுதலை, புலனாய்வுக் குறைபாட்டால் சந்தேகத்தின் பலன், புகாரே பொய் என்று நீதிபதி வெளிப்படையாக எழுதிய விடுதலை. பொய் வழக்கு என்று போலீஸ் தன் இறுதி அறிக்கையில் முடிப்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அது நீதிமன்ற விசாரணைக்கே வராத கட்டம். முதல் வகை வழக்கு ஒவ்வொன்றுக்கும் அதே தம்பதியின் விவாகரத்து அல்லது ஜீவனாம்ச வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் இருக்கிறதா, அது எந்தத் தேதியில் முடிந்தது என்று பாருங்கள். இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நின்றால் சமரசம் நடந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான அறிகுறி. நிரூபணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

9. இப்போது மனிதர்களிடம் போகலாம்

முதலில் அரசு வழக்கறிஞர்கள், அனைத்து மகளிர் காவல் நிலைய அதிகாரிகள், பாதுகாப்பு அலுவலர்கள், ஆலோசகர்கள். பதிவில் கண்டதற்கு நடைமுறை விளக்கம் இவர்களிடம் கிடைக்கும். பாதிக்கப்பட்டவரிடம் கேட்க இன்னும் ஏதாவது மிஞ்சியிருந்தால் மட்டும் அங்கே போங்கள். தொண்டு நிறுவனம் அல்லது ஆலோசகர் மூலம் போங்கள். தீர்ப்பில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டவே கூடாது.

குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரைகளை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள், ஏனென்றால் இருவரிடம் கேட்டால் கேள்வி என்னவென்று வீடு முழுக்கத் தெரிந்துவிடும். ஆய்வின் பெயரில் வன்முறை என்ற சொல் வேண்டாம். யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாற்றிக்கொள்ள ஒரு சாதாரணப் பேச்சை, அவரோடு பேசித் தீர்மானித்துத் தயாராக வையுங்கள். கையெழுத்திட்ட சம்மதத் தாளின் நகலை அவர் கையில் கொடுக்காதீர்கள், அது கணவர் கண்ணில் பட்டால் அடி விழும். வாய்மொழிச் சம்மதத்துக்கு அறநெறிக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்கிவிடலாம்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "உங்களுக்கு வன்முறை நடந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அறைவதை வன்முறையாக நினைக்காதவர்கள் ஏராளம். குடும்பநல ஆய்வு செயலைக் கேட்கிறது: தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா. அப்படியே கேளுங்கள். "ஏன் அங்கேயே இருந்தீர்கள்?" என்பது மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம், அது குற்றவிசாரணை.

கையில் பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100, மாவட்டத்தின் ஒன் ஸ்டாப் சென்டர் எண் எல்லாம் இருக்க வேண்டும். போவதற்கு முதல் நாள் அந்த எண்களை நீங்களே அழைத்து யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

10. பெயரை எடுத்தால் மட்டும் போதாது

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்; பழைய 228ஏ, இப்போதைய 72. பெயரைச் சொல்லாவிட்டாலும், இன்னார் என்று கண்டுபிடிக்க வழிவிடும் விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று 2018-இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இறந்தவருக்கும் இது பொருந்தும். 498ஏ வழக்குகளுக்குச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் அதே முறையைக் கடைப்பிடியுங்கள்.

தாளில் பெயருக்குப் பதில் எண். எண்ணையும் சி.என்.ஆரையும் இணைக்கும் கோப்பு தனியாக, குறியாக்கம் செய்யப்பட்டு, வேறு இடத்தில். நேர்காணல் ஒலிப்பதிவுகளை இணையத்தில் இலவசமாக எழுத்தாக்கித் தரும் சேவைகளில் ஏற்றாதீர்கள், அது யார் கணினியில் போய் உட்காருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வழிகாட்டிக்கு அனுப்பும் தீர்ப்புப் பக்கத்தின் புகைப்படமும் வெளியிடல்தான்.

11. எழுதும்போது

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதில் எத்தனை என்று எழுதுங்கள். "பாதிக்கு மேல் பிறழ்சாட்சி" என்றால் எந்த வழக்குகளில் பாதி? குற்றப்பத்திரிகை தாக்கலானவற்றிலா, சாட்சி விசாரணை தொடங்கியவற்றிலா? ஒரு மாவட்டத்து மகளிர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு "தமிழகப் பெண்கள்" என்று வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். சம்பவத்தின் கொடூர விவரங்களை, வாதத்துக்குத் தேவைப்படும் அளவுக்கு மேல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அந்த மாவட்டத்தைச் சேர்ந்த, நம்பகமான, ரகசியம் காக்கச் சம்மதித்த ஒருவரிடம் வழக்கு விவரங்கள் வரும் பக்கங்களை மட்டும் கொடுத்து, யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். "இது அந்த மில் பக்கத்துத் தெரு வழக்கு மாதிரி இருக்கே" என்று அவர் சொன்னால், தொழிலையோ வயதையோ தேதியையோ மாற்றாமல் முழுவதுமாக எடுத்துவிட்டு, எடுத்திருக்கிறேன் என்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் குறிப்பிட்டு, மறுபடி படிக்கக் கொடுங்கள். அவருக்கு யாரையும் தெரியாமல் போகிற வரைக்கும் அந்த அத்தியாயத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.